காணி பிரிக்கும் படத்தில் மரங்களையும் கீறுங்கள்

பருத்தித்துறையில் உங்கள் வளவில் நிற்கும் பலாமரம் ஒன்றைத் தறிக்க நினைத்தால் முதலில் கிராம அலுவலரிடம் போக வேண்டும். அவர் வந்து மரத்தைப் பார்ப்பார், சிபாரிசு எழுதுவார். அதற்குப் பிறகு பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்க வேண்டும். அதே வளவின் கோடிப்பக்கத்தில் பூட்டன் காலத்து இலுப்பை ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். அதைக் காலையில் ஆள் பிடித்து, மத்தியானத்துக்குள் சாய்த்து, பின்னேரம் விறகாக்கி விடலாம். ஒருவரும் வந்து கேட்கப் போவதில்லை.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் கீழ் தனியார் காணியிலும் அனுமதி கேட்க வேண்டிய மரங்களாகப் பிரதேச செயலகங்கள் வழமையாகச் சொல்வது மூன்று: பலா, ஈரப்பலா, பெண்பனை. மூன்றுமே சாப்பாடு தருகிற மரங்கள். இரண்டாம் உலக யுத்தகாலத்து அரிசித் தட்டுப்பாட்டை நாடு கண்டு சில வருசங்களே ஆகியிருந்த காலம் அது. பசி வந்தால் கைகொடுக்கும் மரங்களைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. நல்ல நினைப்பு. ஆனால் நிழலுக்காகவோ, நிலத்தடி நீருக்காகவோ, ஒரு ஊரின் வெக்கையைத் தணிப்பதற்காகவோ மரத்தைக் காப்பது அதன் நோக்கத்தில் இல்லை. வேம்பு, புளி, இலுப்பை, பூவரசு, மருது எல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே.

பெண்பனை விசயத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பனை பூக்கும் வரைக்கும் அது ஆணா பெண்ணா என்று எவராலும் சொல்ல முடியாது. பூக்கப் பன்னிரண்டு, பதினைந்து வருசம் எடுக்கும், சில வேளை அதற்கும் மேலே. ஆகவே வடலிக்குப் பாதுகாப்பே கிடையாது. தும்பளைப் பக்கமும் கற்கோவளத்துப் பக்கமும் காணி வெளியாக்கும்போது பெக்கோ முதலில் வழித்துக்கொண்டு போவது வடலிகளைத்தான். யுத்தத்தில் செல்விழுந்து தலை போன பனைகளும், பதுங்குகுழிக்கு மூடு போடத் தறித்த பனைகளும் எத்தனை என்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். அந்த இடத்தை நிரப்ப வேண்டிய வடலிகள் இப்போது மதில் கட்ட இடைஞ்சல் என்று போகின்றன. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் இருந்து இயங்குகிறது. விதை போடுவதும் கன்று நடுவதும் ஒவ்வொரு வருசமும் நடக்கிறது. நட்டதைக் காணி பிரிக்கும்போது யார் காப்பது என்பதுதான் கேள்வி.

காணி பிரிப்பைப் பற்றித்தான் இந்தப் பதிவு. மரம் போவது வீடு கட்டும்போது என்று பலரும் நினைக்கிறார்கள். என் கண்ணுக்குப் பட்டது வேறு. வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட முதலே, நில அளவையாளர் படம் கீறும்போதே மரத்தின் கதை முடிந்து விடுகிறது.

புலோலியில் எங்கள் உறவுக்காரப் பெரியம்மா ஒருவருக்குப் பத்துப் பரப்பு வளவு. பிள்ளைகள் ஒருவர் ஸ்காபரோவில், ஒருவர் லண்டனில், மற்றவர்கள் கொழும்பில். வளவை நாலாகப் பிரிப்பதென்று முடிவானது. சேவையர் வந்த அன்று நானும் போயிருந்தேன். முக்காலியை நிறுத்தி, எல்லைக்கல்லுகளைத் தேடிப் பிடித்து, கிளுவை வேலிக்குள்ளால் பட்டியை இழுத்து மிகவும் கவனமாக அளந்தார். வேலை தெரிந்த மனிசன். படத்தில் பழைய வீடு வந்தது, கிணறு வந்தது, மலசலகூடம் வந்தது, பக்கத்துக் காணிக்காரரின் பெயர்கள் வந்தன. நடு வளவில் நின்ற வேம்பு வரவில்லை. இரண்டு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத வேம்பு அது.

"அண்ணை, மரங்களைப் போடுறதில்லையோ?" என்று கேட்டேன்.

"எல்லையில நிண்டால் போடுவம் தம்பி. உள்ளுக்க நிக்கிறதை ஆர் கேக்கினம்?"

உண்மைதான், யாரும் கேட்பதில்லை. பின்பக்கத் துண்டுகளுக்குப் போக ஒரு புது ஒழுங்கை விட வேண்டும். அந்த ஒழுங்கையின் இரண்டு கோடும் படத்தில் நேராகப் போய் வேம்பின் அடியிலேயே விழுந்தன. ஐந்தாறு அடி தள்ளிக் கீறியிருந்தால் மரம் தப்பியிருக்கும். ஒருவருடைய பங்கும் குறைந்திருக்காது. அந்த மரத்தைத் தறிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவரும் முடிவு எடுக்கவில்லை. பெரியம்மா அதன் கீழேதான் புளுக்கொடியல் காயப்போட்டவ. படம் அங்கீகாரமாகி, உறுதி எழுதி, துண்டுகள் கைமாறிய பிறகு, ஒழுங்கைக்குள் நிற்கும் மரத்தை என்ன செய்வது? "தறிக்காமல் என்ன செய்யிறது பிள்ளை" என்றா பெரியம்மா. அவவிடம் அதற்கு மேல் ஒரு வழியும் இருக்கவில்லை.

இத்தனைக்கும் எங்களுடைய பழைய உறுதிகள் மரங்களை மறக்கவில்லை. உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய தாய் உறுதி இருந்தால் எடுத்து வாசித்துப் பாருங்கள். இத்தனை பரப்பு, இத்தனை குழி, அதிலுள்ள வீடு, கிணறு, பனைகள், வான்பயிர் செய்பயிர் என்று ஒழுங்காக எழுதியிருப்பார்கள். பங்குக் கிணற்றில் எத்தனை பங்கு, தண்ணீர் போகும் வாய்க்காலில் என்ன பாத்தியதை என்றும் இருக்கும். 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தாக்கிய தேசவழமையில், ஒருவருடைய நிலத்தில் இன்னொருவர் மரம் வைத்தால் பலனில் யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லப்பட்டிருக்கிறது. கன்றைக் கொடுத்தவர் யார் என்பதைப் பொறுத்து அந்தப் பங்கு மாறும். வேலி தாண்டிப் பக்கத்து வளவுக்குள் சாய்ந்த கொப்பின் காயைப் பற்றியும் அதில் பேச்சு உண்டு. மண் ஒரு சொத்து, மரம் தனியாக இன்னொரு சொத்து என்று எண்ணிய சமூகம் இது. அந்தக் கணக்கு இன்றைய காணிப் படத்தில் இல்லை.

சரி, அரசாங்க விதிகள் என்ன சொல்கின்றன? 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும், 1986 இல் வந்த திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளும் எங்கள் நாட்டில் காணி பிரிப்பதற்கான அடிப்படையைப் போட்டவை. குறைந்தது 150 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய ஆறு பேர்ச் இருந்தால்தான் ஒரு துண்டு. ஒழுங்கைக்கு இவ்வளவு அகலம். பிரிக்கும் காணி ஒரு ஹெக்ரயருக்கு மேற்பட்டால் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் தேவைக்குத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். மரத்துக்கு ஏதாவது இடம் கிடைக்கக்கூடியது அந்தக் கடைசி விதியில்தான். ஆனால் எங்கள் கணக்கில் ஒரு ஹெக்ரயர் என்றால் என்ன? ஒரு பரப்பு பத்துப் பேர்ச். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். ஒரு ஹெக்ரயருக்கு நாற்பது பரப்புக்குக் கொஞ்சம்தான் குறைவு. பருத்தித்துறை நகரசபை எல்லைக்குள் நாற்பது பரப்பை ஒன்றாக வைத்துப் பிரிக்கிறவர் யார்? ஐந்து பரப்பும் எட்டுப் பரப்பும் பன்னிரண்டு பரப்புமாகத்தான் எல்லாமே பிரிகிறது. சீதனமாகப் பிரிந்து, பிறகு பிள்ளைகளுக்குப் பிரிந்து, பிறகு விற்கப் பிரிந்து வந்த காணிகள் இவை. பெரிய காணிக்கென்று எழுதிய விதியின் கையில் எங்கள் மரம் ஒருபோதும் அகப்படாது.

உள்ளூராட்சிச் சட்டங்களில் மரத்தைப் பற்றிப் பேச்சு இல்லாமல் இல்லை. வீதிக்குச் சாய்ந்த கொப்பை வெட்டச் சொல்லலாம், விழக்கூடிய மரத்தை அகற்றச் சொல்லலாம். அது தேவையான அதிகாரம்தான், சூறாவளி கண்ட ஊர் எங்களுடையது. ஆனால் ஒரு மரத்தை வெட்டு என்று சொந்தக்காரருக்குக் கட்டளையிடத் தெரிந்த சபைக்கு, இந்த மரத்தை வைத்துக்கொண்டு வீட்டைக் கட்டு என்று சொல்ல ஒரு வரி கிடையாது.

தும்பளை வீதியில் இருக்கிற தெருமூடி மடத்தைப் பருத்தித்துறை ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். வெயிலில் நடந்து வந்தவர் இருந்து ஆறிப் போகத் தெருவுக்கு மேலேயே கூரை போட்ட ஊர் இது. அந்தக் கல்லுக்கும் தூணுக்கும் இன்று தொல்பொருள் என்ற மதிப்பு இருக்கிறது. அது நல்லது. அதே வேலையைச் செய்து கொண்டு சந்திகளில் நின்ற ஆலுக்கும் புளிக்கும் அந்த மதிப்புக் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் பேர் சொல்லி நினைவு வைத்திருக்கிற புளியமரம் என்றால் ஒல்லாந்தப் பாதிரியார் பிலிப்பஸ் பால்டேயஸ் பிரசங்கம் செய்ததாகச் சொல்லப்படும் மரம்தான். அவர் 1658 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தவர். அந்த மரம் இப்போது இல்லை, கதை இருக்கிறது. கதை இல்லாத மரங்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கின்றன.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இந்த விசயம் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் உங்கள் சொந்த வளவில் நிற்கும் மரமென்றாலும், நிலத்தில் இருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அடிமரத்தின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் மாநகரசபையின் அனுமதி இல்லாமல் தொட முடியாது. வீட்டைப் பெருப்பிக்கப் படம் கொடுக்கும்போது மரவியல் நிபுணரின் அறிக்கையும் கேட்பார்கள். இங்கிலாந்தில் 1990 ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் ஒரு மரத்துக்கென்றே பாதுகாப்புக் கட்டளை பிறப்பிக்கலாம். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கட்டளை இல்லாத மரத்தைக்கூட ஆறு கிழமை முன்னறிவித்தல் கொடுத்துத்தான் வெட்டலாம். சிங்கப்பூரில் மரப் பாதுகாப்பு வலயங்களுக்குள் ஒரு மீற்றருக்கு மேல் சுற்றளவு வந்தால் அனுமதி வேண்டும். ஸ்காபரோவில் பின்வளவு மேப்பிள் மரத்துக்குப் படிவம் நிரப்பிக் கட்டணம் கட்டுகிற அதே குடும்பம், புலோலி வளவை வட்ஸ்அப்பில் பார்த்து, "எல்லாத்தையும் வழிச்சு விடச் சொல்லு" என்கிறது. அவர்களில் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அங்கே சட்டம் கேட்கிறது, செய்கிறார்கள். இங்கே ஒருவரும் கேட்பதில்லை.

ஆனால் லண்டன் விதியை அப்படியே தூக்கி வந்து பருத்தித்துறையில் வைத்தால் சரிவராது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கிலாந்தின் கட்டுமான நியமத்தின்படி மரத்தின் விட்டத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் வருவது வேர்ப் பாதுகாப்பு வட்டத்தின் ஆரை. 60 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வேம்பு ஒன்றுக்கு அது 7.2 மீற்றர். அந்த வட்டத்தின் பரப்பளவு ஏறக்குறைய 163 சதுர மீற்றர். எங்கள் ஒரு பரப்புக் காணி 253 சதுர மீற்றர். ஒரே ஒரு வேம்புக்கு மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டால், ஒரு பரப்பு வாங்கியவர் எங்கே வீடு கட்டுவது? மலக்குழியைக் கிணற்றில் இருந்து தள்ளி எங்கே வைப்பது? பிரிந்து முடிந்த சின்னத் துண்டில் மரத்தையும் வீட்டையும் மோதவிட்டால் மரம்தான் தோற்கும். அப்படி ஒரு விதி வந்தால் அதிகாரி வருமுன்னம் இரவோடு இரவாக மரத்தைத் தறித்து விடுவார்கள்.

பத்துப் பரப்பு ஒன்றாக இருக்கும்போது நிலைமை வேறு. 2530 சதுர மீற்றர் நிலத்தில் நாலைந்து பெரிய மரங்களுக்கு இடம் விட்டு எல்லை கீறுவது ஒரு கஷ்டமும் இல்லை. ஒழுங்கையை வளைக்கலாம். இரண்டு துண்டுகளின் பின்னெல்லை சந்திக்கும் இடத்துக்கு மரத்தைக் கொண்டுவரலாம். இரண்டு வீட்டுக்கும் பின்பக்கம் எப்படியும் திறந்தவெளி விடத்தானே வேண்டும். பனங்கூடல் என்றால் ஒவ்வொரு பனையாக எண்ணாமல் கூடலாகவே ஒரு மூலையில் விடலாம். பனைக்கு விட்டக் கணக்குப் பொருந்தவும் மாட்டாது, அது வேம்பு மாதிரி வருசத்துக்கு வருசம் பருக்கிற மரமில்லை. இதெல்லாம் படம் கீறும் மேசையில் பென்சிலால் முடிகிற வேலை. துண்டு விற்றுப்போன பிறகு எந்தச் சட்டம் வந்தும் செய்ய முடியாத வேலை.

ஆகவே நகரசபையிடம் நான் கேட்பது இதுதான். காணி பிரிக்கும் படம் அங்கீகாரத்துக்கு வரும்போது, நெஞ்சு உயரத்தில் ஒரு மீற்றருக்கு மேல் சுற்றளவுள்ள ஒவ்வொரு மரமும், பனங்கூடல்களும், வடலி அடர்ந்த இடமும் அந்தப் படத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். குறிக்காத படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். மரம் ஒன்று போகத்தான் வேண்டுமென்றால் ஏன் என்று ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். மரத்தை வைத்துப் பிரிப்பவருக்குக் கட்டணத்தில் கொஞ்சம் குறைக்கலாம், வீட்டை எல்லைக்குக் கொஞ்சம் கிட்டக் கட்ட விடலாம். தண்டம் அறவிடுவதை விட இது எங்கள் ஊரில் பலிக்கும் என்று நம்புகிறேன். வீடு கட்டி முடிந்து சான்றிதழுக்கு வரும்போது குறித்த மரம் உயிரோடு நிற்கிறதா என்று தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருமுறை பார்த்தால் போதும்.

உயிரோடு என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தறிக்காமலே மரம் சாகும். எங்கள் மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் மெல்லியதாகப் படிந்த மண். வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் நெடுந்தூரம் ஓடும், கல்லு வெடிப்புக் கண்ட இடத்தில் இறங்கும். மதிலுக்கு அத்திவாரம் வெட்டும்போது அந்த வேர்களை ஒரு பக்கமாகக் கோடரியால் வெட்டி விடுகிறார்கள். எங்கள் ஒழுங்கை முனையில் அப்படி ஒரு வேம்பைப் பார்த்தேன். முதல் வருசம் ஒன்றும் தெரியவில்லை, வழமைபோலத் தளிர்த்தது, பூத்தது. அடுத்த வருசம் மதில் பக்கத்து உச்சிக் கொப்புகள் கருகின. பட்டை பொருக்காகக் கழன்றது. பிறகு ஒரு சோளகக் காற்றுக்கு, வேர் இல்லாத பக்கம் பிடி விட்டு மற்றப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. "பழைய மரம், காத்துக்கு விழுந்திட்டுது" என்றார்கள். வேர் இருக்கிற இடத்தில் அத்திவாரம் வெட்டாமல் இரண்டு பக்கமும் தூண் எழுப்பி, வேருக்கு மேலாக வளை போட்டு மதில் கட்ட மேசன்மாருக்கு நன்றாகத் தெரியும். சொல்ல ஆள் வேண்டும். மரத்தடியில் சல்லியும் மணலும் குவிக்காமல், சீமெந்துச் சட்டி கழுவிய தண்ணியை அடியில் ஊற்றாமல் விட்டாலே பாதி மரம் பிழைக்கும். அடிமரத்தைச் சுற்றி முற்றத்துக்குக் கல்லுப் பதிப்பவர்கள் ஒரு பாய் அகலத்துக்காவது மண்ணை விட்டால், மாரி மழை அந்த வழியாலாவது கீழே இறங்கும். ஆறில்லாத ஊர், கிணற்றை நம்பிய ஊர். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிறதுதான் எங்கள் வருசத் தண்ணி.

இதற்கு எதிர்ப்பேச்சும் எனக்குத் தெரியும். பிள்ளையின் கலியாணத்துக்குக் காணியை அவசரமாக விற்கிறவரிடம் இன்னொரு படிவத்தை நீட்டுவது நியாயமா என்று கேட்பார்கள். அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக் களைத்த சனம் இது, அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. அதனால்தான் புதிதாக ஓர் அனுமதியைக் கேட்காமல், எப்படியும் கீறப்போகிற படத்தில் சில வட்டங்களைச் சேர்க்கச் சொல்கிறேன். சேவையருக்கு அது அரைமணி நேர வேலை.

வட மாகாண சபை இருந்த காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் பள்ளிக்கூடங்களும் சனசமூக நிலையங்களும் கன்று நடுகின்றன, நானும் நடுகிறேன். ஆனால் இன்று நடும் வேப்பங்கன்று அந்தப் பெரியம்மா வளவு வேம்பின் நிழலைத் தர இன்னும் இரண்டு தலைமுறை போக வேண்டும். தமிழ்நாட்டில் 2021 இல் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். ஆண், பெண் என்று பிரிக்கவில்லை. எங்கள் 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அந்த அளவுக்காவது அகட்டலாம், வடலியையும் அதற்குள் கொண்டுவரலாம். அது கொழும்பில் நடக்க வேண்டிய காரியம்.

நகரசபையின் காரியம் கிட்ட இருக்கிறது. 2023 மார்ச்சில் இருந்து மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் கிடந்த சபைகளுக்கு 2025 மே 6 இல் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். சபை துணைவிதி இயற்றலாம். அதற்கு அங்கீகாரமும் வர்த்தமானியும் வேண்டும், காலம் எடுக்கும். அதுவரைக்கும் காணி பார்க்கப் போகிற உத்தியோகத்தர் மரங்களையும் எண்ணிக் குறித்து வரட்டும் என்று ஒரு மாதக் கூட்டத்தில் தீர்மானிக்கலாம். உங்கள் வட்டார உறுப்பினரைத் தெரிந்தால் இதைச் சொல்லுங்கள். இந்த வருசம் காணி பிரிக்க இருப்பவர்கள் சபைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சேவையர் பட்டியை விரிக்க முன்னம் வளவைச் சுற்றி நடந்து, வைத்திருக்க விரும்பும் மரங்களில் ஒரு துண்டுத் துணியைக் கட்டி விட்டு, "அண்ணை, துணி கட்டினதெல்லாம் படத்தில வர வேணும், ஒழுங்கை அதுகளுக்குத் தள்ளித்தான் வர வேணும்" என்று சொல்லுங்கள். காசு கொடுத்துப் படம் கீறுவிப்பவர் நீங்கள், அவர் கேட்பார்.